எக்ஸெல் கவர்

கம்பெனி மொதலாளியான என் மகனுக்கு, முதியோர் இல்லத்துல இருந்து அப்பன் சொல்ல, பக்கத்துக் கட்டில் வாத்தியார் எழுதறது.

நம்மூர்ல பெத்த புள்ளையைப் பாசத்துல வாங்க போங்கன்னு கூப்பிடுவோம்; இப்ப உங்களை மரியாதையாக் கூப்பிடறது பாசத்துல இல்லீங்க.

இங்க எதிர்க் கட்டில் பொங்கியண்ணனைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அவரு எருமை ஒண்ணு வெள்ளகோவில் சந்தையில தொலைஞ்சு, மூணு நாள் கழிச்சுத் தானா ஊடு வந்துச்சாம். அது கெடக்கட்டும்.

உங்க பனியன் கம்பெனியில மிஞ்சுன பாலிதீன் கவரும் சைஸ் ஸ்டிக்கரும் மூட்டையா அனுப்புனீங்கல்ல. வார்டனம்மா எல்லாரு மாத்திரையையும் அட்டையில இருந்து உதிர்த்து அதுல போட்டாங்க. கவர்ல பேரு இல்லை. ஒல்லியானவருக்கு எஸ், குண்டானவருக்கு எக்ஸெல். நானும் எக்ஸெல்லு, பொங்கியண்ணனும் எக்ஸெல்லு.

"பேரெழுதி வையுங்க அம்மணி"ன்னேன்.

"உங்க மகன் கொடுத்த ஸ்டிக்கருங்க, வீணாக்கலாமா?"ன்னாங்க.

செவ்வாக்கிழமை என் சக்கரை மாத்திரையை, சக்கரையே இல்லாத அவருக்குக் கொடுத்துட்டாங்க. வேர்த்து விழுந்தவரு ஆஸ்பத்திரியில இன்னும் கண்ணு முழிக்கலை.

நேத்து உங்க மேனேஜர் ஒரு காயிதத்தோட வந்தாரு. நான்தான் என் கவரைப் பொங்கியண்ணனுக்கு எடுத்துக் கொடுத்தேன்னு அதுல இருக்குதுன்னு வாத்தியார் படிச்சுச் சொன்னாரு.

"ரேகை மட்டும் வையுங்க ஐயா. இல்லத்து டிரஸ்டுல உங்க மகன் பேரு இருக்குதுல்ல"ன்னாரு மேனேஜர்.

வெக்கலை. காயிதத்தைத் திருப்பியும் கொடுக்கலை.

ஞாயித்துக்கிழமை பொங்கியண்ணன் மக வருது. காயிதத்தை அது கையில கொடுத்துட்டு நடந்ததைச் சொல்லப் போறேன். நான் எதையும் சுருக்கமாச் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்.

உங்களைப் பெத்தவன்