யானையின் மறுபாதி

அடி கோபக்காரி,

உன் மகள் என் வகுப்பில்தான் சேர்ந்திருக்கிறாள். தெரிந்துதான் சேர்த்தாயா என்று கேட்க மாட்டேன். நம் சண்டைக்கு வயது ஒன்பது, நம் பெண்களுக்கு எட்டு.

முதல் நாள், படங்களைப் பாதியாகக் கத்தரித்துக் குலுக்கிக் கொடுத்தேன். மறுபாதி யாரிடம் என்று தேடிப் பிடித்து, பேசிப் பழகி, அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்த வேண்டும். யானையின் தலை உன் மகளுக்கு, பின்பாதி என் மகளுக்கு. சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை!

என் மகள் என்னைப் போல. புது முகம் பார்த்தால் வாயே திறக்க மாட்டாள். உன் மகள் அவள் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தாள்.

"இவளுக்குப் பேச நேரமாகும். நாம காத்திருக்கலாம்."

வகுப்பே காத்திருந்தது. கடைசியில் என் மகள் வாயைத் திறந்தாள்.

"இவ என் கையை விடவே மாட்டேங்கிறா."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தப் பிள்ளையை நினைத்து என்று மட்டும் கேட்காதே.

உன் மகள் சொன்னது சரிதான். சிலருக்குப் பேச நேரமாகும். எனக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

உன் பழைய பெஞ்சுக்காரி