இறந்தவருக்கு இரத்த அழுத்தம் பார்த்த தேதிகள்

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. மூன்றாவது கம்பெனிக்கு மாறப்போகிறாய், சம்பளம் ஒன்றரை மடங்கு என்று நீ சொன்னதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. எனக்கும் சந்தோஷந்தான், ஆனால் போனில் சொல்ல வாய் வராத ஒன்று மனதை அரிக்கிறது கண்ணு.

எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்கு, உன்னைப்போல மருந்துச் சோதனைக் கோப்புகளைச் சரிபார்க்க வரும் மானிட்டர்கள் ஒன்றரை வருஷத்தில் நான்கு பேர் மாறிவிட்டார்கள், ஒரு முகம் பழகுவதற்குள் அடுத்த முகம். மூன்றாவதாக வந்தவளுக்கு உன் வயது. ஸ்டேஷனிலிருந்து சக்கரப் பெட்டியோடு நேரே வந்து, பன்னைக் கடித்துக்கொண்டே பக்கம் புரட்டுவாள். "பத்து ஆஸ்பத்திரி என் தலையில சார், ரிப்போர்ட்டே பஸ்லதான் எழுதறேன்" என்று சிரிப்பாள். ஒரு மத்தியானம், சோதனையில் சேர்ந்திருந்த ஒரு தையல்காரரின் கோப்பில் அவள் விரல் நின்றுவிட்டது. நான்கு மாதமாக அதே இரத்த அழுத்தம், அதே எடை. "இவரு நெஜமாவே வர்றாரா சார்?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அங்கே ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை, வேலையை விட்டுவிட்டாளாம்.

விசாரிக்க ஒன்றுமே இல்லை. அந்த நான்கு மாதத்துக்கு முன்பே அவர் அவசரப் பிரிவில் இறந்துபோனார், இறப்புத் தாளை அடுக்கியவனே நான்தான். புதிதாக வந்த நர்ஸ் ஆளைப் பார்க்காமல் பழைய எண்களையே எழுதியிருக்கிறாள். ஓய்வு பெற எட்டு மாதம், வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து பட்டப்பகலிலும் அந்த அலமாரிப் பக்கம் போனால், என் முதுகுக்குப் பின்னால் யாரோ முறைக்காகக் காத்திருப்பது போலிருக்கும். திரும்பினால் ஒருவரும் இல்லை. நான்காவது மானிட்டர் வந்தார், பழைய குப்பை என்று அந்தச் சீட்டைக் கிழித்துக் கசக்கினார். நான் போய் இறப்புத் தாளை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். படித்துவிட்டு, "மொதல்ல உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சோதனையை நிறுத்திவிட்டார்கள், நர்ஸ் வேலை போயிற்று, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு பயம் என்றே எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னை ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் போட்டிருக்கிறார்கள். நீயும் எந்தப் பக்கத்திலாவது விரல் நின்று, நேரமில்லாமல் நகர்ந்திருந்தால், அடுத்து வருபவரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் புது வேலைக்குப் போ. சீட்டு ஒட்டினால் போதாது.

போன வாரம் தையல்காரரின் மனைவி என்னைத் தேடி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "நாலு மாசம் உசுரோட இருந்ததா எழுதியிருக்காமே, அந்தத் தாள ஒரு தரம் காட்டுங்கய்யா, பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். அது என் கையில் இல்லை என்றேன். சரி என்று போய்விட்டார்.

நோய்நொடி இல்லாமல் ஆயுசு நூறும் இரு கண்ணு. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. படித்ததும் போன் போடு.

உன் அப்பா