பைக்குள் இருந்த சிவப்பு

என் ராபினுக்கு,

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா.

நீ லீவுக்கு வந்த மறுநாள் காலை, நம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாய். "நெஞ்சு என்னமோ பண்ணுதுக்கா" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தொன்பது வயசில் அப்படியுமா ஒரு நெஞ்சு நின்றுபோகும்?

உன் பையை அம்மா யாரையும் தொடவிடவில்லை. "அவன் மடிச்சு வெச்ச துணி, கலைச்சிடாதீங்க" என்று தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

போன ஞாயிறு, பெங்களூரில் உன்னோடு ஆராய்ச்சி செய்த மீனா வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்: "ராபின் கொண்டுவந்த கண்ணாடியைப் பார்த்தீங்களா?"

என்ன கண்ணாடி? நாங்கள் விழித்தோம்.

போனில் நீ சொல்வாயே. புறாக் கழுத்தின் பச்சையில் சாயமே இல்லை, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற நிறம் அது என்று. அப்படி அடுக்குகளைக் கண்ணாடியில் செய்து, கரண்ட் கொடுத்து இடைவெளியை மாற்றினால் நிறமும் மாறும், டிவி திரையே செய்யலாம் என்று. "நீலம் வருது, பச்சை வருது. சிவப்புதான் வரமாட்டேங்குதுக்கா."

"சிவப்பு வந்துடுச்சுக்கா," என்றாள் மீனா. "ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள். முதல்ல வீட்ல காட்டணும்னு எடுத்துட்டு வந்தான்."

அம்மா எழுந்து போனாள். தானே பையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள். உன் துண்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. இத்தனை நாளும் அம்மா அதன் மேல்தான் படுத்திருந்தாள்!

மீனா அதன் இரண்டு ஒயர்களைத் தான் கொண்டுவந்த பேட்டரியில் சேர்த்தாள். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளாகி, அப்படியே சிவந்தது. மைன்ஸில் காலமெல்லாம் ஷிப்ட் பார்க்கிற அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தரம் பண்ணும்மா." நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

வந்த அன்றே ஏன்டா காட்டவில்லை? அப்பா ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று இருந்தாயா?

கண்ணாடியைத் திருப்பிக் கேட்க மீனாவுக்கு வாய் வரவில்லை. அம்மாவே துண்டோடு சுற்றிக் கொடுத்தாள். "எடுத்துக்கினு போம்மா. இங்க கெடந்தா நான் அழுவுறதுக்குத்தான் ஆவும்."

மீனா அதைத் திரையாக்கிக் காட்டுகிற நாளில் அம்மாவையும் அப்பாவையும் பெங்களூருக்குக் கூட்டிப்போவேன். யாரென்று கேட்டால், செய்தவனின் வீட்டார் என்று சத்தமாகச் சொல்வேன்.

உன் ஒரே அக்கா,
ஸ்டெல்லா