விற்றுப்போன சங்கரா மீன்கள்

தோஸ்து,

இன்று காலை பரணைச் சுத்தம் செய்தபோது உன் முதல் படத்தில் எந்தப் பொருள் எங்கே எப்படி இருந்தது என்று நான் குறித்துவைத்த கன்டினியூட்டி நோட்டு கிடைத்தது. பிரித்ததும் காய்ந்த மீன் செதில் ஒன்று மடியில் விழுந்தது. பக்கத்தில் என் கையெழுத்து: 'கூடையில் பதினோரு சங்கரா. மேல் மீன் வாய் திறந்திருக்கிறது.' தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என்ன ஆச்சு என்று வீட்டில் கேட்டார்கள். சொன்னால் புரியவா போகிறது?

பன்னிரண்டு வருடம் யார் யாரிடமோ உதவி இயக்குநராக ஓடி, ஒருவழியாக உனக்குக் கிடைத்த படம். காசிமேட்டில் மீன் ஏலக் காட்சி. ஒரே ஒரு காலைக்குத்தான் அனுமதி. தயாரிப்பாளர் நேரிலேயே வந்து, இன்றைக்குள் இது முடியாவிட்டால் படத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். உன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் காலடிப்பேட்டையிலிருந்து நான் வாங்கிவந்த இட்லியில் ஆறு தின்றாய், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏலம் விடுபவராக நடிக்க நடிகை வேண்டாம் என்று அடம்பிடித்தது நீதான். கல்மண்டபத்து ஸ்டெல்லா அக்கா நிஜமாகவே அங்கே ஏலம் விடுகிறவர். கதைப்படி, நாயகன் கேட்கும் விலைக்கு அவர் கூடையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் பிய்த்து உதறினார். கேமரா ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டல்காரர் கூட்டத்துக்குள் புகுந்து, ஷூட்டிங் என்று தெரியாமல், நாயகனைவிட உசத்திக் கேட்டுவிட்டார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த டேக்குக்கு மீன் வேண்டாமா? "ஐயோ, விக்காதக்கா! அது படத்து மீனு!" என்று கத்திவிட்டேன்.

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா நைனா பேசற? ஒசத்திக் கேட்டவனுக்கு இல்லன்னு சொன்னா, நாளைக்கு எவன் என் ஏலத்துல வந்து நிப்பான்?"

சுற்றி நின்ற பெண்களெல்லாம் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு என்னை வறுத்தெடுத்தார்கள். ஓட்டல்காரர் கூடையோடு போயே போய்விட்டார். நீயோ கடைசிவரை கட் சொல்லவே இல்லை.

தயாரிப்பாளர் அதை மானிட்டரில் திரும்பப் போடச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நான் நோட்டை மூடிவிட்டேன். முழுதும் பார்த்துவிட்டு அவர், "இதுதான்யா ஏலம்" என்றார். படம் உன்னிடமே தங்கியது. நாயகன் மீனைப் பறிகொடுப்பதாக அங்கேயே நின்று கதையை மாற்றி எழுதினாய்.

நம் சண்டை பிறகு ஒலிக்கலவையில்தான் வந்தது. என் கத்தல் பதிவாகியிருந்தது. அதை ஒட்டி, கேமராவுக்குப் பின்னால் நின்ற நீ அடக்க முடியாமல் சிரித்ததும் பதிவாகியிருந்தது. இரண்டையும் எடுத்துவிடு, மானம் போய்விடும் என்று குதித்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும் மாமு," என்றாய். "அன்னிக்கி நாம அங்கதான இருந்தோம்?"

திருவொற்றியூர்த் தியேட்டரில் அந்த இடத்துக்கு விழுந்த விசிலில் என் காது அடைத்துப்போனது. அப்புறம் ஐந்து படம் எடுத்தாய். எதிலும் நீ தலைகாட்டவில்லை. ஒரு காட்சியில் நில் என்றாலே ஓடிவிடுவாய். நீ எங்களை விட்டுப் போனபின், உன் படங்களில் உன் குரல் என்று கேட்பது அந்த இரண்டு நொடிச் சிரிப்பு மட்டும்தான். நல்லவேளை, அன்று நீ என் பேச்சைக் கேட்கவில்லை.

நோட்டை மூடிவிட்டு அந்தக் காட்சியைப் போட்டேன். நான் கத்துகிறேன், நீ சிரிக்கிறாய். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன், தோஸ்து.