ஆடுகளம் பற்றி நீ கேட்டவை

காட்கோபர், மும்பை
2 டிசம்பர் 1998

மதிப்பிற்குரியவருக்கு, முக்தாவின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

எட்டு மாதங்களுக்குப் பின் எழுதுகிறேன். அஞ்ச வேண்டாம், நலமே. என் அப்பாவின் சிதை எரிந்த நாளில் நீங்கள் திடலில் உருளையின் பின்னால் நடந்துகொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. அதைப் பேசவும் இப்போது எண்ணமில்லை.

தம்பி கிரீஷ் வீட்டில் எந்நேரமும் தொலைக்காட்சியில் கிரிக்கெட்தான். ஆடுகளம் அமைப்பவரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நாள் ஆட்டத்துக்கும் ஒரு நாள் ஆட்டத்துக்கும் ஒரே மண்தானே, ஏன் வேறு வேறாகச் செய்கிறீர்கள்? டிரா என்பது எது, டை என்பது எது? விரிவாக எழுதுங்கள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். குதிகால் வெடிப்பில் இரத்தம் வருகிறதா?

முக்தா

*

இராஜ்கோட்
8 டிசம்பர் 1998

என் முக்தாவுக்கு,

துவாரகாநாதன் உன்னைக் காக்க. உன் கடிதத்தைத் திடலிலேயே பிரித்தேன். உருளை இழுக்கும் பீக்கு எட்டிப் பார்த்தான்.

"என்ன தேவ்ஷிபாய், தனியா நின்னு சிரிக்கிறீங்க? வெயில் ஏறிடுச்சா?"

"வீட்டுக்காரி டிரான்னா என்னன்னு கேக்கிறாடா."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சா? அப்ப உங்க ஆட்டம் இன்னும் முடியல, விடுங்க."

கேள், முக்தா. ஐந்து நாள் ஆட்டம் மண்ணின் முழு வாழ்க்கை. முதல் நாள் ஈரம் மிச்சமிருக்கும், வேகப்பந்து சீறும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மண் அடங்கி, மட்டையாளனுக்குப் பணியும். நான்காம் நாள் விரிசல் வாய் திறக்கும். ஐந்தாம் நாள் சுழற்பந்து பாம்பெனத் திரும்பும். மூப்படைய வேண்டிய மண்ணை உரிய நாளில் மூப்படையச் செய்வதே என் தொழில். ஒரு நாள் ஆட்டமோ இவர்களுக்கு ஐம்பது ஓவர், அவர்களுக்கு ஐம்பது ஓவர். மாலைவரை மண் மாறவே கூடாது.

ஆட்டம் முழுவதும் முடிந்து, இரு அணியின் ஓட்டங்களும் சரிசமமாக நின்றால் அது டை. ஆயிரத்தில் ஒரு முறை நிகழும். வீழ வேண்டியவர்கள் வீழாமலே ஐந்து நாளும் தீர்ந்துபோனால் அது டிரா. அது அடிக்கடி நிகழும். புதியவர்கள் எவர் வெல்வார் என்று மட்டுமே கேட்பார்கள். எவருமே வெல்லாமலும் போகலாம் என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

ஊரெல்லாம் என்னிடம் மண்ணைப் பற்றிக் கேட்டது. நீ மட்டும் கேட்டதில்லை. இன்று கேட்டாய். இன்னும் கேள். பக்கம் பக்கமாக எழுதுவேன்.

உன் தேவ்ஷி

*

காட்கோபர்
16 டிசம்பர் 1998

மதிப்பிற்குரியவருக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

உங்கள் கடிதத்தைக் கிரீஷுக்குப் படித்துக் காட்டினேன். "அத்தான் பேசினா மண்ணுக்கே காது முளைக்கும்க்கா" என்றான்.

ஜனவரி ஐந்தாம் தேதி உங்கள் திடலில் ஒரு நாள் ஆட்டமாமே. அதற்கு மண்ணை எப்படி வைக்கப் போகிறீர்கள்? முதல் பதினைந்து ஓவர்களில் ஓட்டம் குவியுமா, ஆட்கள் வீழ்வார்களா? தெரிந்துகொண்டு பார்த்தால் சுவையாக இருக்கும்.

கிரீஷுக்கு ஒரு தொல்லை. அது தீர்ந்ததும், ஹோலிக்குள் வீடு திரும்பலாம் என்றிருக்கிறேன்.

வெடிப்புக்கு மெழுகும் நல்லெண்ணெயும் காய்ச்சி வைத்த டப்பா பரணில், மாவுச் சல்லடைக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்தீர்களா?

முக்தா

*

இராஜ்கோட்
24 டிசம்பர் 1998

என் முக்தாவுக்கு,

ஹோலிக்குள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லுக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன். சமையலறைக்கு உனக்குப் பிடித்த வெளிர்நீலம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை மண்ணுக்கு வழக்கத்தைவிட மிகுதியாக நீர் காட்டப் போகிறேன். விடியற்பனியும் சேர்ந்துகொள்ளும். காலை ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது அடியில் ஈரம் ஒளிந்திருக்கும். முதல் ஒரு மணி நேரம் பந்து வளைந்து வளைந்து வரும். பதினைந்து ஓவர்களுக்குள் நான்கு பேராவது வீழ்வார்கள். வெயில் ஏறியபின் எல்லாம் சரியாகிவிடும்.

ஆட்டத்துக்கு முன் இதை வெளியாரிடம் சொல்வது என் வேலைக்கு ஆகாது. ஆனால் மனைவி வெளியாளா?

உன் தேவ்ஷி

*

இராஜ்கோட்
16 ஜனவரி 1999

முக்தாவுக்கு,

உத்தராயணத்தன்று ஊரே மாடியேறிப் பட்டம் விட்டது. நான் ஏறவில்லை.

ஐந்தாம் தேதி நான் எழுதியபடியே நடந்தது. பதினைந்து ஓவர்களுக்குள் ஐந்து பேர் வீழ்ந்தார்கள். மறுநாள் திடல் வாசலில் தேநீர் விற்கும் ஹமீத் என்னைக் கூப்பிட்டான்.

"தேவ்ஷிபாய், காலையிலேயே விக்கெட் விழும்னு முந்தாநாளே பம்பாய்ப் பந்தயக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அள்ளிட்டாங்களாம். உங்க மண்ணு அவங்க காதுல மட்டும் பேசுச்சோ?"

கிரிக்கெட் சங்கத்து அதிகாரியும் அழைத்துக் கேட்டார். எந்த வெளியாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

இருபத்தேழாம் தேதி இங்கே ஐந்து நாள் ஆட்டம் தொடங்குகிறது. நீ கேட்காமலே எழுதுகிறேன். ஆடுகளத்தில் புல்லை மழிக்காமல் விடப் போகிறேன். பச்சைப் புல்லில் வேகப்பந்தை எவராலும் தாங்க முடியாது. மூன்றே நாளில் எவரேனும் வென்றுவிடுவார்கள். டிராவுக்கு வழியே இல்லை.

தேவ்ஷி

*

காட்கோபர்
3 பிப்ரவரி 1999

நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?

மூன்று நாளில் முடியும் என்று எழுதினீர்களே. தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆடுகளத்தில் ஒரு புல் இல்லை. மொட்டைத் தலைபோலக் கிடந்தது. ஐந்தாம் நாள் மாலைவரை இரு அணிகளும் மாறி மாறி மட்டையடித்தன. டிரா. டிரா வராது என்ற உங்கள் ஒரு வரியை நம்பித்தான் கிரீஷ் எல்லாவற்றையும் வைத்தான். அவன் தயங்கியபோது, "அவரு என்கிட்ட பொய் சொன்னதே இல்லடா" என்று சொன்னவள் நான். என் கல்யாண வளையல்களைக் கழற்றிக் கொடுத்தவளும் நான்.

முக்தா

*

இராஜ்கோட்
9 பிப்ரவரி 1999

முக்தாவுக்கு,

புல்லை மழித்தவன் நான். நாள் முழுதும் உருளையை ஓட்டி, அந்த மண்ணைக் கல்லாக இறுக்கியவனும் நான். புல் இருக்கும் என்று நான் எழுதியது இவ்வுலகில் ஒரே ஒருத்திக்கு. உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அந்தப் பொய் பந்தயச் சந்தைக்குப் போய்ச் சேரக் கூடாதே என்று ஐந்து நாளும் வேண்டினேன். உன் கடிதம் வந்தது.

சங்கத்தாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீர்க்குழாய் அறையின் சாவியை மேசைமேல் வைத்தேன். அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை பீக்கு வந்தான்.

வேலை போனதற்கு நான் அழவில்லை. இருபத்திரண்டு ஆண்டு கழித்து என் மனைவி என் மண்ணைப் பற்றிக் கேட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதை எண்ணித்தான் தலை நிமிர முடியவில்லை. ஒன்றே ஒன்று சொல். நீ கேட்டவற்றில் உன் கேள்வி எது? ஒன்றாவது உண்டா?

தேவ்ஷி

*

காட்கோபர்
15 பிப்ரவரி 1999

மதிப்பிற்குரியவருக்கு,

ஆட்டம் பற்றிய கேள்விகள் யாவும் கிரீஷுடையவை. "இன்னொண்ணு கேளுக்கா, மொத பதினஞ்சு ஓவர் எப்படின்னு கேளு" என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். அவன் பட்ட கடனுக்காகப் பந்தயக்காரரின் ஆட்கள் இருவர் நாள்தோறும் வாசலில் நின்றார்கள். தம்பியின் கையை ஒடிப்போம் என்றார்கள். அதற்காக உங்களை விற்றேன். மறுக்கவில்லை.

ஆனால் அவ்விரு கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். கையெழுத்துக்கு மேலே இருக்கும் கடைசி வரிகள் என்னுடையவை. இரண்டு முறை கேட்டேன். மண்ணின் விரிசலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். உங்கள் கால் வெடிப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உங்கள் கடிதங்களைக் கிரீஷ் படித்து முடித்தபின், அந்த ஒரு வரி எங்கேனும் இருக்குமா என்று நான் தனியே தேடிப் படித்தேன். இருந்திருந்தால் அன்றே உண்மையை எழுதியிருப்பேன்.

வரும் வெள்ளிக்கிழமை இந்த வீட்டை விட்டுப் போகிறோம். எங்கே என்று எழுத இயலாது. ஹோலிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

முக்தா

*

இராஜ்கோட்
20 பிப்ரவரி 1999

முக்தா,

இரத்தம் வருகிறது. வலது குதிகாலில் மிகுதி. காலையில் தரையில் ஊன்ற முடியவில்லை.

டப்பா நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. இன்றுதான் எடுத்தேன். மூடியைத் திறந்தால், மெழுகில் நீ கடைசியாக விரலால் வழித்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. பூசிக்கொண்டால் அது அழிந்துவிடும். மூடி வைத்துவிட்டேன்.

சமையலறையில் வெளிர்நீலம் நன்றாக வந்திருக்கிறது.

தேவ்ஷி

*

பெறுநர் வீடு காலி. அனுப்பியவருக்கே திருப்புக.
காட்கோபர் தபால் நிலையம், 25-2-99