ஸ்கேனில் தெரியாத புளி

இன்று காலை ஒரு நாயின் வாயைத் திறந்தேன். அந்த நெடி முகத்தில் அடித்தது. சிறுநீரகம் வேலையை நிறுத்தினால் மூத்திர வாடை வாய் வழியாக வரும் என்று, வருகிறவர்களுக்கெல்லாம் புரிகிற மாதிரி சொல்வது நீதான். கூட வந்த பெண், "யாரோ விஷ மருந்து வச்சுட்டாங்க டாக்டரம்மா" என்றாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. திருக்கோகர்ணத்தில் நாம் இருவரும் சேர்ந்து திறந்த இந்த நாய் ஆஸ்பத்திரியில் இப்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் கேட்டு முடிக்காத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

கீரமங்கலத்துப் பக்கமிருந்து செல்வராசு என்று ஒருவர், மனைவியோடு, ஒரு கறுப்பு நாட்டு நாயை லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாரே. நல்ல பங்குனி வெயில். நாய்க்கு முந்தின நாளிலிருந்து வாந்தி, சொட்டு மூத்திரம் இல்லை. அவருக்கும் அடுத்த வீட்டில் இருக்கும் கூடப் பிறந்த அண்ணனுக்கும் வேலித் தகராறு. இந்த நாய்க்கு ஒரு நாளைக்கு இருக்கு என்று அண்ணன் ஊர் கேட்கச் சொல்லியிருந்தாராம். மனுசன் நாயைக் காப்பாற்ற வந்தாரா, சாட்சி தேடி வந்தாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம். "படத்துல மருந்துன்னு மட்டும் எழுதிக் குடுங்க. இங்கிட்டிருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார்.

வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி, ஸ்கேன் பார்த்தது நான். இரண்டு சிறுநீரகமும் பெருத்திருந்தன. வெளிப்பகுதி வழக்கத்தைவிட வெள்ளையாக, சுற்றிலும் மெல்லிசாக நீர். கல் இல்லை, அடைப்பு இல்லை, மூத்திரப்பை காலி. நாள்பட்ட சீக்கு என்றால் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். இது புதிதாக விழுந்த அடி. "ஏதோ உள்ள போயிருக்கு" என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

"வீங்கியிருக்குன்னு படம் சொல்லும். யாரு வீங்க வச்சாங்கன்னு சொல்லாதுங்க" என்றாய் அவரிடம்.

நீயும் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பாம்புக்கடியோ என்று நாயின் காலைத் தடவினாய். எலிக் காய்ச்சலோ என்று அதன் கண்ணை விரித்து மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தாய். பிறகு நாயை விட்டுவிட்டு அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தாய்.

"கையில என்னங்க கறை?"

"புளி தட்டுறோம்ங்க. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, உருண்டை புடிச்சுக் காய வச்சிருக்கு."

"வச்சது எல்லாம் இருக்கா?"

அந்த அம்மா புருசனைப் பார்த்தார். "கொஞ்சம் உருண்டையைக் காணல. பக்கத்து வீட்டு ஓரகத்திதான் எடுத்திருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காணாமல் போன புளிக்கும் அண்ணன் வீடு, நாய்க்கு வைத்த மருந்துக்கும் அண்ணன் வீடு. நீ சிரிக்கவில்லை. "வாந்தியில நார் நாரா இருந்துச்சா?" என்று கேட்டாய். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "இருந்துச்சுங்க" என்றார். "அப்பப் புளிதான்" என்றாய். திராட்சை மாதிரியே புளியும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், உப்பு ருசிக்குத் தின்றிருக்கும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாய்.

செல்வராசு உன்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க அண்ணன் இங்கிட்டு வந்துட்டுப் போனாரா?" என்றார். அண்ணன் நம்மைச் சரிக்கட்டிவிட்டார் என்று நினைத்துவிட்டார் மனுசன். எனக்குச் சுருக்கென்றது. நீ அசரவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போறீங்களா, இல்ல இந்தப் பாட்டிலைப் புடிச்சுக்கிட்டு நாய் பக்கத்துல நிக்கிறீங்களா?"

முறைத்துக்கொண்டே நின்றார். டிரிப் ஏறியது. மறுநாள் ஸ்கேன் வைத்தபோது மூத்திரப்பை கறுப்பாக, உருண்டையாகத் தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினாய். கறுப்பைப் பார்த்துப் பயந்துபோனார். "மூத்திரம்ங்க. சிறுநீரகம் வேலை செய்யுது" என்றாய். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாய் பிழைத்தது, அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

அவர்கள் போனதும், "உண்மையிலேயே புளிதானாடி?" என்று கேட்டேன். "நாய் எந்திரிச்சிருச்சுல்ல" என்றாய். அது பதில் இல்லை. புளி நாய்க்கு ஆகாது என்பது நிஜம்தான், பிறகு நானும் படித்துப் பார்த்தேன். ஆனால் அந்த அம்மாவின் வாயில் 'நார்' என்ற சொல்லை வைத்தது நீ. நீ கேட்காமல் அவர் அதைச் சொல்லியிருப்பாரா? அண்ணன் நிஜமாகவே எதையாவது வைத்திருந்தால்? அண்ணன் தம்பி ஸ்டேஷன் வாசலில் நிற்கக் கூடாது என்று ஒரு காரணத்தைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டாயோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் ஆள் பாதியாக இளைத்து நீ வந்து உட்கார்ந்தபோது, என்னடி ஆச்சு என்றேன். "ஒன்னுமில்லடி, அசதி" என்றாய். புளி என்று சொன்ன அதே நிதானம். நம்பாமல் மறுபடி கேட்டேன். மறுபடியும் அசதிதான். உன் சீக்கு உனக்கு அப்போதே தெரியும் என்று, உன் காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் தம்பி சொன்னான்.

காலையில் வந்த பெண்ணும் அப்படித்தான். ஸ்கேனில் சிறுநீரகம் பெருத்திருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்றேன். "சோறு மட்டுந்தாங்க" என்றாள். மறுபடி கேட்டேன், சோறுதான். விடாமல் இன்னொரு தடவை கேட்டேன். நாய் நொண்டுகிறதே என்று தன்னுடைய மூட்டுவலி மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்து வந்ததை அழுதுகொண்டே சொன்னாள். நாய் டிரிப்பில் கிடக்கிறது. பிழைக்குமா என்று தெரியவில்லை.

விடாமல் கேட்கிற இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீ என்னிடம் பொய் சொன்னதிலிருந்து வந்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. உன்னையே சந்தேகப்பட்ட அந்த மனுசனைக்கூடப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வைத்தாய். என்னை நிற்க விடவில்லை.