திரைக்குள் எடுத்த படம்

அன்பு மகன் பர்ஸானுக்கு உம்மாவின் ஸலாம். ரஹ்மானின் கிருபையால் வாப்பாவும் நானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ கத்தாரில் நல்ல சுகம் என்பதை வாட்ஸ்அப்பில் நீ போடும் படங்களில் பார்க்கிறேன், அதனால் கேட்கவில்லை. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று வாப்பா வயலே கதி என்று கிடக்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா. லீவு முடிந்து திரும்பும் பக்கத்து வீட்டு ஸப்ரியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் கதைத்தால் “சரி உம்மா, சரி உம்மா” என்று பாதியில் வெட்டி விடுவாய், கடிதத்தை வெட்ட ஏலாது, இருந்து வாசி.

நீ லீவில் நின்ற ஹஜ் பெருநாளன்று நான் எடுத்துப் பேப்பருக்குக் கொடுத்த படம் வந்துவிட்டது. பெண்கள் தொழும் பக்கத்தில், திரைக்கு உள்ளே, தொழுகை முடிந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம். எந்தக் கெமராவுக்கும் முகம் காட்டாதவர்கள் “ஸுஹைறா ராத்தா எடுக்கிறெண்டா எங்களுக்கென்ன, எடுங்க, பேப்பர்லயும் போடுங்க” என்று நின்றார்கள். முன்னால் நிற்பது உனக்குக் கல்யாணம் பேசியிருக்கும் றிபாவின் உம்மா சுல்பிகா. கல்முனை பஸ் நிலையத்தடியில் பேப்பரை வாங்கி அங்கேயே விரித்தேன், கீழே ‘படம்: பர்ஸான் ஸமட்’ என்று கிடக்கிறது. கண்ணாடியில்தான் பிழையாக்கும் என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நேரே பேப்பர் ஆசிரியர் சாலிஹிடம் போனேன். அந்த மனிசன் தலையைச் சொறிந்துகொண்டு, “உங்கட மகன்தான் வந்து செல்லிற்றுப் போனாரு, உம்மாட பேரு பேப்பர்ல வாறது வெக்கமாம், அவர்ர பேரப் போடட்டாம், நீங்க ஊட்டுக்குள்ள கதச்சி முடிச்ச எண்டு நினைச்சன்” என்றார். வெட்கமா மகன்? கல்முனைச் சந்தையிலும் திருக்கோவில் ஊர்த் தீர்த்தத் திருவிழாவிலும் நான் கெமராவோடு நிற்கும்போது வேறு எவருக்கும் வராத வெட்கம், நான் பெற்ற உனக்கா வந்தது? வீரமுனைக் கோயிலடிக்குப் போனால் “அக்கா, இஞ்சால வாங்க, இதில நிண்டாத்தான் வடிவா விழும்” என்று அந்தச் சனம் எனக்கு இடம் விடுகிறது. என் பெயரை மட்டும் எடுத்திருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்பேன். அந்த இடத்தில் உன் பெயரைப் போடச் சொன்னாயே, அது வெட்கம் இல்லையடா, களவு. பெற்ற பிள்ளையை அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது, என்றாலும் சொல்கிறேன்.

அடுத்த நாளே சுல்பிகா வந்தாள், உட்காரவும் இல்லை. “உங்கட மகன் எப்படி ராத்தா திரைக்குள்ள வந்த? எங்கட தலைத்துணி விலகிற நேரம் பாத்து எடுக்கவா லீவில வந்து நிண்டவர்? இப்பிடிப்பட்டவருக்கு எப்படி நான் புள்ளயக் குடுக்கிற?” என்று கேட்டாள். அல்லாஹ்மேல் ஆணையாக நான்தான் எடுத்தேன் என்றேன். “மகனக் காப்பாத்தச் செல்லுறீங்க, பேப்பர்ல பேரு கிடக்குதே” என்று போய்விட்டாள். படத்தில் நிற்கும் மற்றப் பெண்களின் வீடுகளிலும் இதே கதைதான், இனிப் பெருநாளைக்கு என்னைத் திரைக்குள் கெமராவோடு விடுவார்களோ தெரியாது. நீ இப்போது அழுதழுது வொய்ஸ் அனுப்புகிறாய், “உம்மா, இன்னொருக்காப் போய்ச் செல்லுங்க, நீங்க சென்னா நம்புவாங்க” என்று. நம்பவில்லையே மகன்! என் வாய்ச்சொல்லை எவரும் எடுக்காதபடி ஆக்கியது நீதானே? வாப்பாவும் “போயிற்று வாவன், சின்னவன் தெரியாமச் செஞ்சிட்டான்” என்று நிற்கிறார். கல்யாணம் பேசும் வயது வந்தவன் சின்னவனாம். நான் போகமாட்டேன். நீயே சாலிஹுக்குப் போன் எடுத்து, படம் எடுத்தது உம்மா, பெயரை மாற்றச் சொன்னது நான் என்று வாற கிழமைப் பேப்பரில் போடச் சொல்லு. உன் கூட்டாளிமாரும் வாசிக்கட்டும். அந்தப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சுல்பிகாவின் வாசலை மிதிப்பேன். றிபா தங்கமான பிள்ளை, அவளை விட எனக்கும் மனமில்லை. அதற்காகப் பொய்க்காரி என்ற பெயரோடு அந்த வீட்டில் போய்ச் சோறு தின்ன என்னால் ஏலாது.

வெயிலுக்குள் நிற்கும்போது தண்ணீரைக் குடி, தொழுகையை விடாதே. உன்மேல் கோபம்தான், என்றாலும் துஆவில் உன் பெயரை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அல்லாஹ் உனக்கு ஆயுளையும் பரக்கத்தையும் நேரான புத்தியையும் தரட்டும். சாலிஹுக்கு எடுக்கும்போது என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லு, கடைசியில் வருவது வல்லின றா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா,
ஸுஹைறா ஸமட்